தட்டு சாய்ந்த பக்கம்

பெல்லியப்பா சார் முப்பத்தொரு படம் அனுப்பியிருக்கிறார்
கைபேசியில், ஒவ்வொன்றாக, நடுராத்திரியில்.
குடகில் விடாத மழையாம். தூக்கமில்லையாம்.
எல்லாவற்றுக்கும் கீழே பேர் எழுதிக் கொடு இருதயராஜ்,
உனக்குத்தான் ஞாபகம் அதிகம்.

எனக்கா?
நான் அந்தப் போரைப் பார்த்ததே இல்லை சார்.
நீங்கள் ஏறி இறங்கிய தளத்துக்கு மூன்று அடுக்குக் கீழே
சிவப்பு விளக்குப் போட்ட அலமாரி மாதிரி ஓர் அறை.
உள்ளே நான், மூன்று தட்டு, ஹைப்போ நாற்றம்.

கப்பல் காற்றுக்கு முகம் கொடுத்துத் திரும்பும்போது
தட்டில் டெவலப்பர் ஒரு பக்கமாகச் சாயும்.
அதை வைத்துத்தான் எனக்குத் தெரியும்,
புறப்படப் போகிறார்கள்.
கவண் ஒரு விமானத்தை விட்டெறிந்தால்
கூரை ஒரு தரம் உதறும்.
எட்டு உதறல் என்றால் அந்த எட்டை
மறுபடி தட்டு சாயும்வரை வாய்க்குள்ளேயே வைத்திருப்பேன்.
பிறகு கம்பியில் கொக்கி மாட்டுகிற இடி.
ஒன்று. இரண்டு.
ஒருநாள் ஆறுக்கும் ஏழுக்கும் நடுவே பதினோரு நிமிஷம்.
அப்போது தட்டில் கிடந்த ஃபிலிம்
அளவுக்கு மேல் கறுத்துப் போனது.
யாரும் ஏனென்று கேட்கவில்லை.

சரி, எழுதுகிறேன்.
ஏழாவது படம்: சீ ஹாக் இறக்கையில் சாய்ந்தபடி, இடமிருந்து வலம்,
தாராபூர்வாலா, சோந்தி, சிரித்தால் கண் மூடிக்கொள்ளும் ஒருவர்
(பேர் வரவில்லை, மன்னிக்கவும்), குருவில்லா.
பன்னிரண்டு: குண்டின் மூக்கில் யாரோ சாக்கட்டியால் வரைந்த மீசை.
பத்தொன்பது: நீங்கள்.
தலைக்கவசம் கையில். கழுத்தெல்லாம் வேர்வை.
அன்று காலை என்றுதான் நினைக்கிறேன்.

முப்பத்திரண்டாவது என்னிடம் இருக்கிறது,
கேஸ் சிலிண்டர் புத்தகத்துக்குள்.

துப்பாக்கியோடு சேர்த்துக் கட்டிய கேமரா அது,
விசையை அழுத்தினால் பார்க்கும்,
விட்டால் கண்ணை மூடிக்கொள்ளும்.
ஆறு கட்டம்.
முதலில் துறை, பீப்பாய்கள், கட்டிக்கிடக்கிற படகுகள்.
கடைசியில் தனியாக ஒரு படகு,
அதில் ஒரு கை, மேலே.
நெகட்டிவில் கடல் கரியாக இருந்தது,
அவன் மட்டும் வெள்ளை.
காகிதத்தில் போட்டதும்
புதுமனைக்குப்பத்து நிறத்துக்கு வந்துவிட்டான்.

ஐந்து கட்டத்தை மேலே அனுப்பினேன்.
பட்டியலில் 'படகு, ஒன்று' என்று எழுதினேன்.
ஆறாவதைக் கத்தரித்தது நான்தான்.

காசிமேட்டில் யார் கைதான் கீழே நிற்கிறது?
வெயிலுக்குத் தூக்குகிறார்கள்.
ஏலத்தில், தூக்கின கை தெரியாமல்தான் சண்டையே.
என் தம்பி லூர்துசாமி கரையேறும்போது
வலையில் ஒன்னுமில்லடா என்று
தூக்கி விரிப்பான்.
கடலோரக் காவல் விமானம் தாழப் போன ஒரு மதியம்
நானும் தூக்கிப் பார்த்தேன்,
பாலத்தடியில், யாரும் பார்க்காதபோது.
எதற்கென்று எனக்கே தெரியவில்லை.

இன்று காலை சார் கூப்பிட்டார்.
ஐஸ் உடைக்கிற மெஷின் பக்கத்தில் நின்றிருந்தேன்,
பாதி கேட்கவில்லை.
இன்னும் ஒன்னு இருக்கணுமே இருதயராஜ்.
எது சார்?
மழைச் சத்தமா, மூச்சா, ஏதோ இரைந்தது.
அந்த ஆள், கை தூக்கினான் இல்ல?

ஐம்பது வருஷத்துக்கு மேல்
அவருக்குத் தெரியாமல் வைத்திருக்கிறேன் என்றிருந்தேன்.
கண்ணிமைக்கும் நேரத்தில் தலைக்கு மேலே கடந்தவர்.

தூக்கினான் சார்.
எதுக்கு?
மெஷினில் புதுப் பாளம் ஒன்று தள்ளினார்கள்.
அது படத்துல இல்ல சார்.

சாயங்காலம் அதையும் அனுப்பினேன்.
கீழே, வழக்கப்படி,
'இடமிருந்து வலம்' என்று தொடங்கி
ஒரே ஆள்தானே என்று அடித்துவிட்டேன்.